மியூசியம் நம்ம ஊரில்... முடிவு யார் கையில்? - பழவேற்காடு கேட்க வேண்டிய கேள்வி

ஞாயிற்றுக்கிழமை காலை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் இல்லாதவர்கள் பைக்கை எடுத்தால், பொன்னேரி வழியாக ஒரு மணி நேரம் போல ஆகும், பழவேற்காடு வந்துவிடும். ஏரி, படகு, சீசன் இருந்தால் பூநாரை, மதியம் இறால் வறுவல். போட்டோ எடுத்தாச்சு, ஸ்டேட்டஸ் போட்டாச்சு. திரும்பும் வழியில் ஒரு பழைய கல்லறைத் தோட்டம். வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். "இது யாருதுப்பா?" என்று ஒருவர் கேட்க, "டச்சுக்காரங்களாம்" என்று இன்னொருவர் சொல்ல, பைக் கிளம்பிவிடுகிறது.

அந்த ஒற்றை வரி பதிலுக்குப் பின்னால் ஒரு பெரிய கடல் வரலாறு இருக்கிறது. அதை யார் சொல்வது, எங்கே வைத்துச் சொல்வது, யார் காசில் சொல்வது? உலகம் முழுக்க மூழ்கிய கப்பல்களின் அருங்காட்சியகங்கள் சந்தித்த கேள்விகள் இவை. திருவள்ளூர் மாவட்டக் கடற்கரைக்கும் இவை பொருந்தும்.

பழவேற்காட்டில் அப்படி என்ன இருந்தது?

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சுருக்கப் பெயர் வி.ஓ.சி. (நம்ம கப்பலோட்டிய தமிழர் வ.உ.சி. இல்லை, இது 1602-ல் தொடங்கிய வெளிநாட்டு வி.ஓ.சி.) இந்தக் கம்பெனி 1613-ல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கரையில் டச்சு வணிகம் முழுவதும் இங்கிருந்துதான் நடத்தப்பட்டது. நெசவுத் துணி இங்கிருந்து இந்தோனேசியத் தீவுகளுக்குப் போனது. வெடிமருந்து ஆலை இருந்தது. நாணயம் அச்சிட்டார்கள். மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பல் ஏற்றினார்கள். கோட்டையை 1806-ல் ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். 1825-ல் ஊரே ஆங்கிலேயர் கைக்குப் போனது.

கல்லறைத் தோட்டம் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கோட்டை இருந்த இடத்தில் இப்போது பெரும்பாலும் புதர்தான்.

இங்கிலாந்து மணலில் புதைந்த அதே கம்பெனியின் கப்பல்

பழவேற்காட்டை ஆண்ட அதே வி.ஓ.சி.யின் 'ஆம்ஸ்டர்டாம்' என்ற கப்பல், வெள்ளிப் பெட்டிகளும் மதுப் புட்டிகளும் ஏற்றிக்கொண்டு, இன்று ஜகார்த்தா எனப்படும் படேவியாவுக்குத் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. புயலில் சுக்கான் போனது. கப்பலில் நோய் பரவியது. மாலுமிகள் கலகம் செய்தார்கள். 1749 ஜனவரி 26 அன்று இங்கிலாந்தின் தென்கரையில், ஹேஸ்டிங்ஸ் ஊர் அருகே அது தரைதட்டியது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேற்று மணல் அதை விழுங்கிவிட்டது.

1969-ல் கட்டுமானத் தொழிலாளர்கள் இயந்திரத்தால் தோண்டும்போது கப்பலின் உள்ளிருந்த பொருள்கள் மேலே வந்தன. அதை ஆய்வு செய்த தொல்லியலாளர் பீட்டர் மார்ஸ்டன், 1986-ல் ஹேஸ்டிங்ஸிலேயே ஒரு சிறிய கப்பற்சிதைவு அருங்காட்சியகத்தை அமைத்தார். அது ஒரு அறக்கட்டளையின் கீழ் நடக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. கடல் நன்றாக வற்றும் நாட்களில் கப்பலின் மரச்சட்டங்கள் இன்றும் மணலுக்கு மேலே தலைகாட்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, உரிமை எத்தனை பேரிடம் பிரிந்து கிடக்கிறது என்பது. வி.ஓ.சி. 1799-ல் கலைந்தபோது அதன் சொத்துகள் டச்சு அரசுக்குப் போனதால், கப்பல் டச்சு அரசுக்குச் சொந்தம். கடற்கரை இங்கிலாந்தில் இருக்கிறது. பாதுகாப்பு, பிரிட்டனின் 1973-ம் ஆண்டுச் சட்டத்தால் கிடைக்கிறது. கதையைச் சொல்வது மட்டும் ஊர்க்காரர்களின் அறக்கட்டளை. கப்பல் நம்முடையது இல்லை என்றாலும் கதை நம்முடையதாக இருக்க முடியும் என்பதற்கு ஹேஸ்டிங்ஸ் ஒரு சாட்சி.

ஊரில் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

மூன்று வழிகள் உண்டு. மூன்றும் வி.ஓ.சி. கப்பல்களுக்கே நடந்தவை.

ஒன்று, ஏலம். 1752-ல் தென்சீனக் கடலில் மூழ்கிய 'கெல்டர்மால்சன்' கப்பலின் சீனப் பீங்கான்களைத் தனியார் குழு ஒன்று வெளியே எடுத்தது. 1986-ல் அவை ஏலத்தில் போயின. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பீங்கான்கள் யார் யார் வீட்டு அலமாரிகளுக்கோ போய்ச் சேர்ந்தன. ஒரே கப்பலில் வந்த சரக்கை ஒரே இடத்தில் பார்க்கும் வாய்ப்பு அதோடு போச்சு.

இரண்டு, பங்கீடு. 1629-ல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் உடைந்த 'படேவியா' கப்பலின் உடற்பகுதி, பெர்த் அருகேயுள்ள ஃப்ரீமாண்டில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால், அதே கப்பலில் வந்த கல் தோரணவாயிலின் அசல், விபத்து நடந்த தீவுகளுக்குப் பக்கத்து ஊரான ஜெரால்ட்டனில் இருக்கிறது. பெர்த்துக்கும் ஜெரால்ட்டனுக்கும் இடையே 400 கிலோமீட்டருக்கு மேல் தூரம். எல்லாமே பெரிய நகரத்துக்குப் போகவேண்டிய கட்டாயம் இல்லை என்பதற்கு இது உதாரணம். இந்தப் பழைய டச்சுக் கப்பல்கள் பற்றி நெதர்லாந்தும் ஆஸ்திரேலியாவும் 1972-லேயே ஒப்பந்தம் போட்டுக்கொண்டன.

மூன்று, அரசே ஊரில் வைத்து நடத்துவது. இலங்கையின் காலி துறைமுகத்தில் 1659-ல் மூழ்கிய 'அவொண்ட்ஸ்டர்' கப்பலை, அங்கேயே பயிற்சி பெற்ற இலங்கை முக்குளிப்பாளர்களும் சேர்ந்து ஆய்வு செய்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கரையோரம் இருந்த ஆய்வுக்கூடம் அழிந்தது. பிறகு காலி கோட்டைக்குள், பழைய டச்சுக் கிடங்கிலேயே கடல்சார் தொல்லியல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஊரில் வைப்பதில் இருக்கிற ஆபத்தும் லாபமும் இரண்டுமே காலியில் தெரியும்.

நம்ம கடலில் கப்பல் கிடைத்ததே இல்லையா?

கிடைத்திருக்கிறது. பூம்புகாருக்கு அப்பால், சுமார் 19 மீட்டர் ஆழத்தில், கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தார் ஒரு சிதைந்த கப்பலைக் கண்டுபிடித்தார்கள். அதில் இருந்தவை ஈயப் பாளங்கள். சிலவற்றில் 'டபிள்யூ பிளாக்கெட்' என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. வட இங்கிலாந்தின் ஈயச் சுரங்கத்திலிருந்து பூம்புகார்க் கடலடி வரை வந்த சரக்கு அது. தங்கமும் இல்லை, வைரமும் இல்லை. ஆனால், 18-ம் நூற்றாண்டு வணிகத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல வேறு என்ன வேண்டும்?

சட்டப்படி இது யாருக்கு?

இந்தியாவில் இது பல சட்டங்களுக்குள் வருகிறது. கரை ஒதுங்கிய அல்லது மூழ்கிய கப்பலின் பொருள் கிடைத்தால், அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் ஓராண்டுக்குள் வராவிட்டால் பொருள் அரசுக்குப் போகும். 1958-ம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் வகுத்த வழி இதுதான். 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமை கொண்ட கலைப்பொருள் 'தொல்பொருள்'. அதை அனுமதியின்றி வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மண்ணில் புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் சொல்ல வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம்.

ஆக, ஒரு மீனவர் வலையில் பழைய நங்கூரம் சிக்கினால், "நான்தானே எடுத்தேன்" என்று வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால், அரசுக்குச் சொந்தமான பொருளை ஊர் அருங்காட்சியகத்தில் கடனாக வைத்துக் காட்சிப்படுத்தலாம். பொருளின் உரிமை வேறு, அருங்காட்சியக நிர்வாகம் வேறு. பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான்.

கீழடி கற்றுக்கொடுத்தது

பொருள் எங்கே இருக்க வேண்டும் என்ற சண்டையில் தமிழ்நாடு ஏற்கெனவே அனுபவசாலி. கீழடியில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டி எடுத்தவற்றை 2016-ல் மைசூருக்குக் கொண்டுபோகும் பேச்சு வந்தபோது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. நீதிமன்றம் தடை போட்டது. எழுத்தாளர்கள், மாணவர்கள், ஊர் மக்கள் எனப் பலரும் பேசினார்கள். 2023 மார்ச் 5 அன்று கீழடியிலேயே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

அது பெரிய வெற்றி. ஆனால், கீழடி அருங்காட்சியகம் மாநில அரசுத் துறையின் கீழ் இயங்குவது. 'ஊரில் இருப்பது' ஒன்று, 'ஊரின் கையில் இருப்பது' இன்னொன்று. அரசு சாராத மாதிரிக்கும் வெகுதூரம் போக வேண்டாம். முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் தட்சிணசித்ரா, மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற தன்னார்வ அமைப்பு நடத்துவது.

கம்பெனி பணம் வாங்கலாமா?

கும்மிடிப்பூண்டி, காட்டுப்பள்ளி, எண்ணூர் வட்டாரத்தில் இதுதான் நிஜமான கேள்வி. ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தாலே, ஒரு நிறுவனம் மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டம். பாரம்பரியப் பாதுகாப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்கவும் சட்டம் சொல்கிறது. இத்தனை ஆலைகள் இருக்கிற பகுதியில் பணத்துக்குப் பஞ்சம் வரக் கூடாது.

சிக்கல் பணத்தோடு வரும் நிபந்தனையில் இருக்கிறது. 2018-ல் செங்கோட்டையின் பராமரிப்பை டால்மியா பாரத் நிறுவனம் ஐந்தாண்டுக்கு 25 கோடி ரூபாயில் ஏற்றபோது, நாடு முழுக்க எழுந்த விவாதம் இதைப் பற்றித்தான்: விளக்கு போடலாம், கழிப்பறை கட்டலாம், ஆனால் வரலாற்றை யார் எழுதுவது?

பழவேற்காட்டில் இது இன்னும் கூர்மையாகும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்தை, கரை அரிக்கும், ஏரி கெடும் என்று மீனவ கிராமங்கள் எதிர்த்து வருகின்றன. நாளை ஒரு கடல் அருங்காட்சியகம் வந்து, அதற்கு ஏதோ ஒரு துறைமுக நிறுவனமே பணம் கொடுத்தால், '1613-ல் வந்த கம்பெனி கரையை என்ன செய்தது' என்ற பலகையை வைப்பார்கள். 'இன்று கரை எப்படி மாறுகிறது' என்ற பலகையை வைக்க முடியுமா? முடியும் என்றால் அது சுதந்திரமான மியூசியம். யோசிக்க வேண்டியிருந்தால், இல்லை.

அதற்காகப் பணமே வேண்டாம் என்பதும் நடைமுறை ஆகாது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற 'மேரி ரோஸ்' கப்பலைத் தனி அறக்கட்டளைதான் நடத்துகிறது. டிக்கெட்டையும் நன்கொடையையும் நம்பி இருந்ததால், கரோனா காலத்தில் கதவு மூடியதும் அது கடும் நெருக்கடிக்கு ஆளானது. சுதந்திரத்துக்கும் மாதம் தவறாமல் கரண்ட் பில் வரும்.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டிய மூன்று காகிதம்

சுதந்திரம் என்பது பெயர்ப்பலகையில் இல்லை. அது மூன்று காகிதங்களில் இருக்கிறது.

முதல் காகிதம், அமைப்பின் விதிகள். அறக்கட்டளையா, 1975-ம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி பதிவான சங்கமா? நிர்வாகக் குழுவில் ஊர்க்காரர்கள், மீனவர்கள், பெண்கள் எத்தனை பேர்? பணம் கொடுப்பவருக்கு எத்தனை இடம்? அமைப்பு கலைந்தால் பொருள்கள் யாருக்குப் போகும்? இந்தக் கடைசி வரியைத்தான் யாரும் படிப்பதில்லை. பின்னால் எல்லாத் தகராறும் அதில்தான் வெடிக்கும்.

இரண்டாவது, கட்டடத்தின் குத்தகைப் பத்திரம். சேகரிப்பு உங்களுடையது, கூரை வேறொருவருடையது என்றால், "மூன்று மாதத்தில் காலி பண்ணுங்க" என்ற ஒரு கடிதம் போதும்.

மூன்றாவது, பொருள்களின் பதிவேடு. ஒவ்வொரு பொருளுக்கும் எண், போட்டோ, எங்கே கிடைத்தது, கொடுத்தவர் யார், தானமா கடனா என்ற விவரம். பதிவேடு இல்லாத சேகரிப்பு, வேறொரு பெரிய நிறுவனத்தோடு 'இணைக்கப்படும்' நாளில் எது எங்கே போனது என்று யாராலும் கேட்க முடியாது.

இந்த மூன்றும் சரியாக இருந்தால் அரசிடமும் பணம் வாங்கலாம், ஆலைகளிடமும் வாங்கலாம். மூன்றும் ஓட்டையாக இருந்தால், சொந்தக் காசில் நடத்தினாலும் ஒருநாள் கைமாறிவிடும்.

இளைஞர்கள் என்ன செய்யலாம்?

பெரிதாக எதுவும் வேண்டாம். அக்கவுண்ட்ஸ் தெரிந்தவர் வரவு செலவைப் பார்க்கலாம். டிசைன் தெரிந்தவர் தமிழில் படிக்கத் தகுந்த பலகை செய்யலாம். ஒரு போன் போதும், வயதான படகோட்டிகளிடம் எந்த இடத்தில் வலை கிழிகிறது, அங்கே அடியில் என்ன இருப்பதாகச் சொல்கிறார்கள் என்று பதிவு செய்ய. கடலடியில் தடங்கல் எங்கே என்று வலை போடுபவருக்குத் தெரிகிற அளவு வேறு யாருக்கும் தெரியாது.

அடுத்த முறை அந்த எலும்புக்கூடு வாசலைத் தாண்டும்போது, "டச்சுக்காரங்க" என்பதற்கு அடுத்த வரியையும் யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்பவர் பழவேற்காட்டுக்காரராக இருந்தால் நல்லது. என்ன சொல்லலாம் என்று அவர் வேறு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்காவிட்டால், இன்னும் நல்லது.