பழைய கேமராவும் புதிய பின்பெட்டியும்



மண்வெட்டிக்குக் காம்பு போடுகிறோம். காம்பு துளைக்குள் நுழைந்துவிட்டால் மட்டும் போதுமா? கொத்தும்போது ஆடாமல் நிற்க வேண்டும். கைக்கும் ஒத்துவர வேண்டும். கழற்றி மாட்டும் கருவி எதுவானாலும் இதுதான் முறை. இன்று நாம் பேசப்போகும் கேமராவுக்கும் இது பொருந்தும்.

சதுரப் பெட்டி போன்ற கேமராவை வயிற்றருகே பிடித்து, தலைகுனிந்து பார்த்துப் படம் எடுப்பவர்களை நம்மில் மூத்தவர்கள் கண்டிருப்பார்கள். அந்த வகையில் பெயர் பெற்றது சுவீடன் நாட்டு ஹாஸல்பிளாட். 1957-இல் வந்த அதன் 500சி கேமராவில் முன்னால் லென்ஸ், நடுவில் உடல், பின்னால் பிலிம் பெட்டி என மூன்றும் தனித்தனியாகக் கழன்று வரும். பிலிம் பெட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மாட்டும் மின்னணுப் பெட்டியே டிஜிட்டல் பேக். நாம் அதைப் பின்பெட்டி என்போம். பிலிமுக்குப் பதிலாக அதனுள் ஒளியை உணரும் சிறு தகடு இருக்கிறது.

படம் பிடிக்கும் தொழிலில் இறங்கும் நம் பிள்ளைகள், வீட்டில் கிடக்கும் பழைய கேமராவுக்கு ஒரு பின்பெட்டியைப் பழைய விலையில் வாங்க நினைக்கலாம். பழைய விலை என்றாலும் பல ஆயிரம் வெள்ளி ஆகும். பணத்தைக் கொடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: கொக்கி பொருந்துமா? பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. 500 வரிசைக்கான பின்பெட்டி, அதே நிறுவனம் 2002-இல் வெளியிட்ட எச்1 கேமராவில் மாட்டாது. ஆனால் 2019-இல் அந்நிறுவனம் அறிவித்த சிஎஃப்வி 2 50சி என்னும் பின்பெட்டி, 1957 முதல் வந்த அந்தப் பழைய வரிசைக் கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்.

இரண்டாவது கேள்வி: செய்தி போய்ச் சேருமா? 500சி கேமராவில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அது திறக்கும் அதே நொடியில் பின்பெட்டி விழித்திருக்க வேண்டும். சில பின்பெட்டிகளுக்கு இந்தச் செய்தி லென்ஸிலிருந்து ஒரு சிறு கம்பி வழியாகப் போகிறது. கம்பி இல்லாமலோ பழுதாகியோ இருந்தால் படம் பதியாது. சிஎஃப்வி போன்றவை 500 வரிசையில் கம்பி இல்லாமலே வேலை செய்யும்.

மூன்றாவது கேள்வி: லென்ஸ் காட்டுவதில் எவ்வளவு பதியும்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பிலிமில் படம் பதியும் இடம் சுமார் 56 மில்லிமீட்டர் சதுரம். நாம் சொன்ன பின்பெட்டியின் தகடோ 43.8-க்கு 32.9 மில்லிமீட்டர்தான். பரப்பில் பாதிக்கும் குறைவு! ஆகவே லென்ஸ் காட்டும் காட்சியின் நடுப்பகுதி மட்டுமே பதியும். அகலமாகக் காட்டும் 50 மில்லிமீட்டர் லென்ஸ், பக்கவாட்டில் சுமார் 64 மில்லிமீட்டர் லென்ஸ் போல் ஆகிவிடும்.

இதனால் என்ன நேரும்? கல்யாண வீட்டில் இரு வீட்டாரையும் வரிசையாக நிறுத்துகிறோம். கண்ணாடியில் எல்லாரும் தெரிகிறார்கள். படத்தில் ஓரத்தில் நின்ற பாட்டி இல்லை. அந்த நாளைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? எனவே பதியும் எல்லையைப் பார்வைக் கண்ணாடியில் கோடிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அல்லது எல்லைக் கோடு போட்ட கண்ணாடியை மாட்ட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பிலிம் இருந்த அதே தளத்தில் தகடு நிற்க வேண்டும். மயிரிழை முன்பின் ஆனாலும், கண்ணாடியில் தெளிவாகத் தெரிந்த முகம் படத்தில் மங்கிவிடும்.

ஆகவே வாங்கப் போகும்போது சொந்தக் கேமராவையும் லென்ஸ்களையும் கையோடு கொண்டுபோங்கள். மாட்டிப் பாருங்கள். ஒவ்வொரு லென்ஸிலும் படம் எடுத்து, நடுவையும் நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். அதற்கான மின்கலம் இன்னும் கடையில் கிடைக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

மாட்டிக்கொள்வது வேறு, ஒத்துழைப்பது வேறு. இரண்டையும் பார்த்து வாங்கினால், பாடுபட்டுச் சேர்த்த பணம் வீண்போகாது.