ஒரே ஒரு வரி, அதற்கு எத்தனை கேள்வி!

அம்பத்தூர் தொழிற்பேட்டை. லேத் பட்டறைகளைத் தாண்டி மாடியேறினால் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகம். வாருங்கள், கதவோரமாக நின்று எட்டிப் பார்ப்போம். கோடில் ஒரே ஒரு வரியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று உள்ளே அனல் பறக்கிறது!

பார்சல் லேபிள் அச்சிடும் மென்பொருள் அது. ஊர்ப் பெயரைக் கட்டத்துக்குள் அடக்க ஒன்பது எழுத்தோடு வெட்டச் சொன்னால், 'அம்பத்தூர்' புள்ளியைப் பறிகொடுத்து 'அம்பத்தூர' என்று நிற்கிறது. நமக்கு அதில் 6 எழுத்து. பைத்தான் மொழிக்கோ 10! கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் தனித்தனிக் குறிகள். பூந்தமல்லிக்கும் அதே 6, அதே 10. ஆவடிக்கு 3, 4. திருமுல்லைவாயலுக்கு 8, 15! எனக்கு இதை எண்ணி அலுக்கவே இல்லை.

"ஓப்பன்-தமிழ் லைப்ரரி இருக்குக்கா, எழுத்தைச் சரியாப் பிரிச்சுக் குடுக்கும். சேர்த்துடவா?" என்று குழுவின் மூத்த அக்காவிடம் கேட்கிறார் புதிதாக வந்த தம்பி. எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை தொடங்கிய திட்டம் அது.

"இருபது வரிதானே, நாமளே எழுதிடலாம்" என்கிறார் பக்கத்து இருக்கைக்காரர். கையில் வலுவான சாட்சி வைத்திருக்கிறார். 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரிப் பேக்கேஜை எழுதியவர் பொதுக் கிடங்கிலிருந்து எடுத்துவிட, அதை நம்பியிருந்த பேபல் முதலான பெரிய திட்டங்களே நிறுவ முடியாமல் முடங்கின. சொல்லுக்கு இடப்பக்கம் இடம் நிரப்புவது மட்டும்தான் அதன் வேலை!

அக்கா சிரித்தபடி 'கொ' என்று இரண்டு முறை தட்டுகிறார். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எண்ணினால் ஒன்றில் 2 குறி, இன்னொன்றில் 3! ஒற்றைக்கொம்பையும் காலையும் பிரித்து எழுதவும் யூனிகோடில் வழி உண்டு. அடுத்து இன்னொரு சிக்கலான எழுத்து, 'ஸ்ரீ' என்று தட்டுகிறார். இருபது வரி எங்கே போய் முடியுமோ!

எனக்குப் பிடித்த இடம் இதுதான். சட்டென்று சேர்த்துவிடாமல் லைப்ரரியைத் திறந்து படிக்கிறார்கள். லைசென்ஸ் எம்.ஐ.டி., நல்லது. சோதனைகள் இருக்கின்றனவா? கடைசியாக எப்போது தொட்டார்கள்? எழுதியவர் விலகினால் நம்மால் பராமரிக்க முடியுமா? எதிர்ப் பட்டறையில் போல்ட்டைக் கடையில்தான் வாங்குகிறார்கள், ஆனால் வெர்னியரில் அளக்காமல் பொருத்துவதில்லை. 2024-இல் எக்ஸ்-இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியில் ஒளித்துவைத்த கள்ளவழி அம்பலமானதும் அப்படி ஓர் அளவுக் கண்ணால்தான். சர்வருக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் துருவிப் பார்த்தார்!

முடிவு வந்துவிட்டது. சேர்க்கலாம். வெர்ஷன் எண்ணைப் பூட்டி, ஒரு பிரதியைத் தங்கள் கிடங்கில் வைத்து, ஒரே ஒரு ஃபங்ஷன் வழியாக மட்டும் அழைப்பார்கள். நாளைக்கு மாற்ற நேர்ந்தால் ஓரிடத்தில் கைவைத்தால் போதும்.

தம்பி அதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிட்டார்: "அக்கா, பி.டி.எஃப். எடுக்க ஒரு பேக்கேஜ்..." அது கூடவே யார் யாரையெல்லாம் இழுத்து வருகிறது என்று அக்கா பட்டியல் கேட்கிறார்.