விடியற்காலை நான்கு மணி மூச்சு

வீட்டில் இளைப்புக்காரர் ஒருவர் இருந்தால் இந்தக் காட்சி பழகியிருக்கும். பகலெல்லாம் நன்றாக இருந்தவர், விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். முழங்காலில் கைகளை ஊன்றி, இழுத்து இழுத்து மூச்சு விடுவார். பொழுது விடிந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் காபி கேட்பார்.

இங்கிலாந்து மருத்துவர் ஜான் ஃப்ளாயர் 1698இல் ஆஸ்துமா பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவருக்கே ஆஸ்துமா இருந்தது. இரவுத் தூக்கத்தின் நடுவில்தான் மூச்சு முட்டுகிறது என்பதைத் தன் உடம்பைக் கவனித்தே கண்டறிந்தார். ஏன் இரவில்? படுத்திருப்பதாலா, மெத்தைத் தூசியாலா, தூக்கத்தாலா, இல்லை இரவு என்பதாலேயா? எல்லாம் ஒன்றாகவே வருவதால் எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

2021இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அந்த முடிச்சை அவிழ்த்தது. ஆஸ்துமா உள்ள 17 பேரை மங்கிய வெளிச்சத்தில், ஒரே நிலையில், 38 மணி நேரம் தூங்கவிடாமல் வைத்திருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரே மாதிரியான சிற்றுண்டி. இன்னொரு கட்டத்தில் அவர்களுக்கு ஒரு 'நாள்' என்பது 28 மணி நேரம். அப்படியே ஒரு வாரம். வெளியே பகலா இரவா என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் நுரையீரலுக்குத் தெரிந்தது! விழித்திருந்தாலும், உடல் கடிகாரத்தின்படி விடியற்காலை நான்கு மணியை ஒட்டி மூச்சுக்குழல்கள் மிகவும் சுருங்கின. உடலின் இரவு நேரத்தில் இன்ஹேலரைத் தேடியது, பகலைவிட நான்கு மடங்கு வரை கூடியது. இவ்வளவு அழகாகக் கட்டிய சோதனையை நான் அதிகம் படித்ததில்லை.

தூக்கத்துக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. கனவு காணும் கட்டத்தில் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் தளர்ந்துவிடுகின்றன. மூச்சு வேலை ஏறக்குறைய முழுவதும் உதரவிதானத்தின் தலையில் விழுகிறது. புகையாலோ அடுப்புக் கரியாலோ சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய் வந்தவருக்கு, உள்ளே அடைபட்ட காற்று அந்த உதரவிதானத்தை ஏற்கெனவே தட்டையாக்கியிருக்கும். கனவு நீளும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் சரிகிறது. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கத்தடையும் சேர்ந்துகொண்டால் இரட்டை அடி.

தூங்கும் அளவைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட குழு 2020இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 4 மணி நேரத்துக்குக் குறைவாகவோ 11 மணி நேரத்துக்கு மேலோ தூங்குவோருக்கு, நுரையீரல் தழும்பேறி இறுகும் நோய் 7 மணி நேரம் தூங்குவோரைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. தூக்கம்தான் நோயைக் கொண்டுவந்தது என்று இதை வைத்து மட்டும் சொல்லிவிடக் கூடாது; நோயின் அசதியே ஒருவரை நெடுநேரம் படுக்க வைத்திருக்கலாம். ஆனால் தழும்பு உண்டாக்கும் செல்களுக்குள்ளும் அதே கடிகாரம் ஓடுவதை அவர்கள் ஆய்வகத்தில் கண்டார்கள்.

மருத்துவமனையில் குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலை அளப்பதோ பெரும்பாலும் பகலில். இளைப்புக்காரரும் இரவைப் பற்றி வாய் திறப்பதில்லை. "காலையில சரியாயிடுச்சே" என்பார். நான்கு மணிக்கு அவர் முதுகைத் தடவிக்கொடுத்தவர் அன்று கூடப் போய் அதைச் சொல்ல வேண்டும்.