பழைய ஜப்பானியக் குவார்ட்ஸ் குரோனோகிராப் கைக்கடிகாரச் சேகரிப்பு

பழைய ஜப்பானியக் குவார்ட்ஸ் குரோனோகிராப் கைக்கடிகாரச் சேகரிப்பு என்பது 1980களிலும் 1990களிலும் சீக்கோ, சிட்டிசன் முதலிய ஜப்பானிய நிறுவனங்கள் உருவாக்கிய முள்வகைக் குவார்ட்ஸ் குரோனோகிராப்களைத் தேடிப் பெற்று, சீர்செய்து பேணும் பொழுதுபோக்கு ஆகும். நேரம் காட்டுவதுடன், பொத்தானை அழுத்தித் தொடங்கவும் நிறுத்தவும் கூடிய நிறுத்துக் கடிகாரத்தையும் உள்ளடக்கிய கடிகாரமே குரோனோகிராப் எனப்படும்.

வரலாறு

உலகில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த குவார்ட்ஸ் கைக்கடிகாரம், 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ வெளியிட்ட ஆஸ்ட்ரான் ஆகும். இதன் விலை 4,50,000 யென். 1983 இல் அந்நிறுவனம் 7ஏ28 என்னும் பொறியமைப்பை வெளியிட்டது. இதுவே முதல் முள்வகைக் குவார்ட்ஸ் குரோனோகிராப் ஆகும். பின்னர் கிழமையும் தேதியும் காட்டும் 7ஏ38 வெளிவந்தது. 1984 முதல் பிரித்தானிய அரச வான்படையினருக்கு 7ஏ28 வகைக் கடிகாரங்கள் வழங்கப்பட்டன. 1986 இல் வெளிவந்த "ஏலியன்ஸ்" திரைப்படத்தில் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜூஜாரோ வடிவமைத்த 7ஏ28 இடம்பெற்றுள்ளது.

இயங்கும் முறை

குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுவதை 1880 இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். இதன் மறுதலையாக, மின்னழுத்தம் தந்தால் படிகம் உருமாறும். இப்பண்பைக் கொண்டு படிகத்தைச் சீராக அதிரச் செய்யலாம். பெரும்பாலான குவார்ட்ஸ் கடிகாரங்களில் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இவ்வெண் 2 இன் 15 ஆம் அடுக்கு ஆகும். எனவே தொகுசுற்று இதனை 15 முறை இரண்டால் வகுத்து, நொடிக்கு ஒரு துடிப்பைப் பெறுகிறது. அத்துடிப்பு சிறு மின்னோடியைப் படிப்படியாகச் சுழற்றுகிறது.

எளிய குவார்ட்ஸ் கடிகாரத்திற்கு ஒரு மின்னோடி போதும். 7ஏ28 இல் நான்கு மின்னோடிகள் தனித்தனியே இயங்குகின்றன. உலோகப் பற்சக்கரங்களும் 15 கற்களும் கொண்ட இதனை முழுமையாகக் கழற்றித் தூய்மை செய்ய இயலும். பிற்காலத்தில் பழுதானால் முழுதாக மாற்றப்படும் மலிவான பொறியமைப்புகள் பெருகியதால், 7ஏ28 சேகரிப்பாளர்களிடையே தனி மதிப்புப் பெற்றது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்தியக் கடிகாரத் தொழிலுக்கு ஜப்பானுடன் நெடுநாள் தொடர்பு உண்டு. எச்.எம்.டி. நிறுவனம் 1961 இல் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்துடன் பெங்களூரில் கைக்கடிகார உற்பத்தியைத் தொடங்கியது. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984 இல் கூட்டாக நிறுவிய டைட்டன், ஓசூர் ஆலையில் குவார்ட்ஸ் கடிகாரங்களைத் தயாரித்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் ஆகியவற்றிலிருந்து திரும்பியோரும் சென்னை பர்மா பசாரும் வெளிநாட்டுக் கடிகாரங்கள் தமிழ்நாட்டுக்கு வந்த வழிகளாக இருந்தன.

காலத்தைக் கண்டறிதல்

சீக்கோ கடிகாரத்தின் பின்மூடியில் உள்ள முதல் நான்கு குறிகள் பொறியமைப்பையும், அடுத்த நான்கு உறையின் வடிவத்தையும் குறிக்கும். தொடர் எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம் ஆகும். இரண்டாவது குறி மாதத்தைத் தரும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்கள் முறையே ஓ, என், டி என்னும் ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்படும். எடுத்துக்காட்டாக, 7ஏ28 ஒன்றின் தொடர் எண் 4, என் எனத் தொடங்கினால் அது 1984 நவம்பரில் செய்யப்பட்டதாகும். பத்தாண்டு எது என்பதைப் பொறியமைப்பு வெளிவந்த காலத்தைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

பழுதும் பாதுகாப்பும்

தீர்ந்த மின்கலத்தை உள்ளேயே விட்டுவிடுவது இக்கடிகாரங்களின் முதன்மையான எதிரி ஆகும். அதிலிருந்து கசியும் காரம் தொகுசுற்றின் செப்புத் தடங்களை அரித்துவிடும். பயன்படுத்தாத கடிகாரத்திலிருந்து மின்கலத்தை நீக்கிவிட வேண்டும். புதிதாக இடும்போது, மின்னழுத்தம் சீராக இருக்கும் வெள்ளி ஆக்சைடு மின்கலமே ஏற்றது.

பற்சக்கரம் தேய்ந்தாலும் பழுதுபார்ப்பவர் ஈடு செய்யலாம். தொகுசுற்று கெட்டால் அவ்வாறு செய்ய இயலாது. புதிய தொகுசுற்றுக் கிடைக்காதபோது மற்றொரு பழைய கடிகாரத்திலிருந்தே அதனை எடுக்க வேண்டியுள்ளது. ஒன்றைக் காக்க மற்றொன்று அழிவதால் எஞ்சியவை குறைந்துகொண்டே செல்கின்றன. ஆனால் நின்றுபோன எல்லாக் கடிகாரங்களும் கெட்டவை அல்ல. உறைந்த எண்ணெயாலோ, அழுக்குப் படிந்த மின்தொடுப்பாலோ நின்றவை தூய்மை செய்தவுடன் மீண்டும் ஓடக்கூடும். எனவே எறிவதற்கு முன் மின்னோடிச் சுருள்களின் மின்தடையைப் பன்னளவியால் சோதிப்பது நன்று.