நூற்பாலையில் கம்பிகளின் வழி

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூரை நோக்கிச் செல்லும் பாதையெங்கும், மானாவாரிப் பயிருக்காக வானம் பார்த்துக் கிடந்த செம்மண் பூமியில், நூற்பாலைகள் பல எழுந்து இரவு பகலாக இயங்கி வருகின்றன. அவற்றில் மோட்டார்களின் வேகத்தை வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் வல்ல இன்வெர்ட்டர் டிரைவ்கள் வந்த பிறகு ஆலைத் தொழிலுக்குப் பெரும் அனுகூலம் விளைந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றோடு கூடவே வந்து சேர்ந்த ஒரு சங்கடத்தைக் குறித்து நாம் போதிய சிரத்தை கொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம்.

டிரைவ் என்பது மின்னழுத்தத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்புகிற சாதனம். ஒவ்வொரு வெட்டிலும் அழுத்தம் கணப்பொழுதில் ஏறி இறங்குவதால் மோட்டார் கேபிளைச் சுற்றிலும் மின்காந்தச் சலனம் பரவுகிறது. அந்தக் கேபிளைத் தாங்கும் அதே டிரேயில், நூலைக் கூம்புகளாகச் சுற்றும் ஆட்டோகோனர் இயந்திரத்தில் நூலின் தடிப்பைக் கண்காணிக்கும் சென்சாரின் மெல்லிய கம்பியும் கிடக்குமானால், அந்தச் சலனம் அதன் சிறு சமிக்ஞையோடு கலந்து, பழுதற்ற நூலையும் பழுதென்று காட்டி வெட்டச் செய்யக்கூடும். சென்சாரை மாற்றுகிறார்கள், கார்டை மாற்றுகிறார்கள். கோளாறோ கம்பி சென்ற வழியில் இருக்கிறது.

இந்த அபாயம் திண்டுக்கல்லுக்குப் புதிதன்று. 1875-ல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்குப் போடப்பட்ட இருப்புப் பாதையின் மேல் இன்று 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. அது தண்டவாளத்தின் வழியாகவும் ஓரளவு பூமியின் வழியாகவும் திரும்பிச் செல்கையில், பக்கத்தில் இணையாகச் செல்லும் கம்பிகளில், 1831-ல் பாரடே கண்டறிந்த தூண்டல் விதியின்படி, அழைக்காத மின்னழுத்தம் தோன்றிவிடும். இதை முன்னமே உணர்ந்த ரயில்வே பொறியாளர்கள், பாதையை மின்மயமாக்கும்போது, கம்பங்களில் ஓடிய தொலைபேசிக் கம்பிகளை இறக்கி, உலோக உறையிட்ட கேபிள்களாக மண்ணுக்குள் புதைப்பதையும் அவ்வேலையின் அங்கமாகவே கொண்டார்கள்.

அந்த முன்யோசனைதான் ஆலைகளுக்கு வேண்டும். மின்சக்திக் கேபிளுக்கு ஒரு டிரே, சென்சார்க் கம்பிக்கு வேறொரு டிரே. ஒன்றையொன்று கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். போக வரும் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் அடுத்தடுத்த முறுக்குகளில் ஏறும் தொந்தரவு தம்முள் எதிர்த்து அடங்கிவிடும் என்ற உபாயத்துக்கு, தொலைபேசி கண்ட கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். மோட்டார் கேபிளின் உலோக உறையை இரு முனைகளிலும் முழுவட்டமாகக் கிளாம்பிட்டு இறுக்க வேண்டும். உறையை வால்போல் திரித்து ஒரு திருகில் மாட்டிவிடும் வழக்கம், உறை போட்ட செலவையே பெரிதும் வியர்த்தமாக்குகிறது.

எர்த் குழியைச் செம்மையாக வைத்தாலே இந்தச் சலனமும் அடங்கிவிடும் என்று பரவியிருக்கும் ஒரு தப்பெண்ணத்தையும் சொல்லியாக வேண்டும். சித்திரை வெயிலில் நம் செம்மண் வறண்டு மின்தடை ஏறும்போது, உப்பும் கரியும் இட்ட எர்த் குழிக்குத் தவறாமல் நீர் வார்ப்பது மனித உயிரைக் காக்கும் காரியம். அதில் அணுவளவும் அலட்சியம் கூடாது. ஆனால் டிரைவ் எழுப்பும் அதிவேகச் சலனம் குழியைத் தேடிப் போவதில்லை. அது தான் பிறந்த டிரைவுக்கே மிகக் குறுகிய உலோக வழியில் திரும்ப விரும்புகிறது. நீண்ட எர்த் கம்பி அதற்கு ஒரு தடையே. ஆதலால் பேனல், டிரே, மோட்டார்ச் சட்டம் ஆகியவற்றைப் பெயின்டைச் சுரண்டிவிட்டு, அகன்ற குட்டையான செம்புப் பட்டைகளால் பிணைப்பதே உசிதம்.

புதிய ஆலைக்குத் தரை போடுமுன் வரைபடத்தில் இரண்டாவது கேபிள் வாய்க்காலைக் கேட்டு வாங்குவதே எலக்ட்ரீஷியனின் முதற் கடமை. ஓடிக்கொண்டிருக்கும் ஆலையிலோ, பொங்கலுக்கு இயந்திரங்கள் நிற்கும் நாளில், அதிகம் தொல்லை தரும் ஒரே ஒரு மோட்டாரின் கேபிளை வேறு டிரேக்கு மாற்றி, முன்னும் பின்னும் ஆட்டோகோனர் காட்டிய வெட்டுகளின் எண்ணிக்கையை நோட்டில் குறித்து ஒப்பிட்டுப் பார்த்தால், அடுத்த கேபிளை மாற்றுவதற்கான செலவை முதலாளியிடம் கேட்க அந்தக் கணக்கே போதும்.