கடை வாசலுக்கு ஒரு நிழல்
கத்திரி வெயிலுக்கு முன் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

ஆண்டுதோறும் மே 5-ஆம் நாளை நாம் வணிகர் தினமாகக் கொண்டாடுகிறோம். ஏறக்குறைய அதே நாளில்தான் கத்திரி வெயிலும் தொடங்குகிறது. மாநாட்டுப் பந்தலுக்குள் நாம் கூடியிருக்கும் நேரத்தில், நம் கடைகளின் வாசலில் வெயில் கூடியிருக்கும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி செல்சியஸ் பதிவானதை மூத்த வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்துவிட்டது.

கடை திறக்கும்போது தராசு, அலமாரி, கல்லாப்பெட்டி, பெயர்ப்பலகை என்று ஒவ்வொன்றையும் யோசித்து வாங்குகிறோம். நிழலை மட்டும் யோசிப்பதில்லை. வெயில் முகத்தில் அடிக்கத் தொடங்கிய பிறகு, கையில் கிடைத்த தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறோம். அது ஆடியில் கிழிகிறது, ஐப்பசியில் ஒழுகுகிறது, அடுத்த சித்திரையில் மறுபடியும் ஒன்று வாங்குகிறோம். மூன்று வருடத் தார்ப்பாய்ச் செலவைக் கூட்டிப் பார்த்தால், ஒழுங்கான ஒரு சார்ப்புக்கான பணத்தில் பெரும்பகுதி அதிலேயே போயிருப்பது தெரியும்.

வெயில் தின்னும் சரக்கு

வாசல் வெயிலால் முதலில் கெடுவது சரக்கு. கண்ணாடிப் புட்டியிலும் பிளாஸ்டிக் பையிலும் உள்ள கடலெண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் வெளிச்சமும் சூடும் சேர்ந்தால் சிக்கு வாடை பிடிக்கின்றன. மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் நிறம் மங்குகின்றன. சூடம் காற்றோடு கரைந்து எடை குறைகிறது. வெல்லம் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. உருளைக்கிழங்கு சூட்டில் வாடுவதோடு வெளிச்சத்தில் பச்சையும் கட்டுகிறது. பச்சை கட்டிய கிழங்கு கசக்கும், உடம்புக்கும் ஆகாது. வெங்காயத்துக்கு நிழலும் வேண்டும், காற்றும் வேண்டும். தார்ப்பாயைப் போட்டு மூடினால் வேர்த்து அழுகிவிடும்.

பிளீச்சிங் பவுடர் சங்கதி பலருக்குத் தெரியாது. சூடு பட்டால் அதன் வீரியம் குறைந்துகொண்டே போகும். வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் குளத்துக்கு மேல் நிழல் துணி கட்டுவதற்கு இதை ஒட்டிய ஒரு காரணம் உண்டு. தண்ணீரில் கலந்த குளோரினை வெயில் வேகமாக அழித்துவிடும். மறுபடி மறுபடி மருந்து போட வேண்டியிருக்கும். குளத்துக்காரர் மருந்துச் செலவை மிச்சம் பிடிக்க நிழல் போடுகிறார். நாம் சரக்குச் சேதத்தை மிச்சம் பிடிக்கப் போட வேண்டும். வாசலில் அடுக்கும் குடிநீர் கேன்களும் குளிர்பானப் புட்டிகளும் அப்படித்தான். வெயில் படாத இடத்தில் வைக்கும்படி அவற்றின் சீட்டிலேயே அச்சிட்டிருப்பதை நாம் படிப்பதில்லை, வாங்குகிறவர் படிக்கிறார்.

அடுத்தது வாடிக்கையாளர். நிழல் இருந்தால் நின்று இன்னும் இரண்டு சாமான் கேட்பார். இல்லாவிட்டால் கையில் உள்ள சீட்டை மட்டும் கொடுத்துவிட்டு அவசரமாகப் போய்விடுவார். மூன்றாவது, காலை முதல் இரவு வரை வாசலிலேயே நிற்கும் நம் ஊழியர். கடை ஊழியர் உட்கார வசதி செய்ய வேண்டும் என்று தமிழகத்தில் 2021-இல் சட்டம் வந்தது. வெயிலில் போட்ட நாற்காலியில் யார் உட்காருவார்?

கடை எந்தத் திசை பார்த்தது?

நிழலுக்கு முதல் கணக்கு திசை. வாஸ்துவுக்காகத் திசை பார்க்கும் நாம் வெயிலுக்காகவும் பார்க்க வேண்டும்.

தி. நகர் உஸ்மான் சாலையும் அடையாறு எல்.பி. சாலையும் தெற்கு வடக்காக ஓடுபவை. அவற்றின் கிழக்குச் சிறகில் உள்ள கடைகள் மேற்குப் பார்த்தவை. மாலை வியாபாரம் சூடு பிடிக்கும் 4 மணிக்குத்தான் அங்கே வெயில் நேராக உள்ளே வரும். மே மாதக் கடைசியில் மாலை 4 மணிக்குச் சென்னையில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 34 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்போது 3 அடி நீட்டிய சார்ப்பின் நிழல் அதன் விளிம்பு மட்டத்திலிருந்து 2 அடிதான் சுவரில் இறங்கும். 5 மணிக்கு அது ஒரு அடியாகச் சுருங்கிவிடும். ஆகவே மேற்குப் பார்த்த கடைக்குச் சார்ப்பை மட்டும் நீட்டிப் பயனில்லை. மேலிருந்து தொங்கும் மறைப்பு வேண்டும். சுருட்டி இறக்கும் மூங்கில் தட்டி, கித்தான் திரை, வெட்டிவேர்த் தட்டி ஆகியவை இதற்கு ஏற்றவை. 3 மணிக்கு இறக்கி, வெயில் தணிந்ததும் சுருட்டிவிடலாம். தட்டியை முழங்கால் வரை இறக்கினால் கடை மூடியிருப்பதாக நினைத்து ஆள் போய்விடுவார். தலை உயரத்துக்குச் சற்று மேலே நிறுத்தினால் போதும்.

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியும் தெற்கு மாட வீதியும் கிழக்கு மேற்காக ஓடுபவை. தி. நகர் பாண்டி பஜாரும் ஏறக்குறைய அப்படியே. இங்கே தெற்குப் பார்த்த கடைக்குக் கோடையை விட மார்கழியில் வெயில் அதிகம் உள்ளே வரும். டிசம்பர் கடைசியில் நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும். 3 அடிச் சார்ப்பின் நிழல் 4 அடி ஆழம்தான் இறங்கும். மயிலாப்பூரில் கச்சேரிக் கூட்டமும் பொங்கல் வியாபாரமும் நடக்கிற காலம் அது. வடக்குப் பார்த்த கடைக்காரர் "நமக்கு வெயிலே இல்லை" என்று எட்டு மாதம் நிம்மதியாக இருப்பார். ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போய்விடும். ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில்தான் திரும்பும். இடைப்பட்ட மாதங்களில் காலையும் மாலையும் வடக்கு வாசலிலும் சாய்வாக வெயில் விழும்.

கிழக்குப் பார்த்த கடைக்குக் காலை வெயில் மட்டும்தான். ஆனால் பிற்பகலில் வரும் கடற்காற்றும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. கிழக்கு வாசலை அடைத்து மறைத்தால் வெயிலோடு காற்றையும் விரட்டியதாகும்.

எதைப் போடுவது?

தென்னங்கீற்றைப் போலக் குளிர்ச்சி தருவது வேறு இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் தீயின் முன் கீற்று நிற்காது. தஞ்சைப் பெரிய கோயிலில் 1997 ஜூன் 7 அன்று யாகசாலைப் பந்தல் எரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஸ்ரீரங்கத்தில் 2004 ஜனவரி 23 அன்று திருமண மண்டபக் கீற்றுப் பந்தல் பற்றியதில் மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். எண்ணெய், சூடம், தீப்பெட்டி, அட்டைப்பெட்டி எல்லாம் நிறைந்த மளிகைக் கடைக்கு முன் கீற்று வேண்டவே வேண்டாம்.

தகரச் சார்ப்பு நீடித்து உழைக்கும். ஆனால் அது சூடேறினால் கீழே நிற்பவர் தலையில் அனலை இறக்கும். இதற்கு மூன்று பரிகாரங்கள் உண்டு. ஒன்று, உயரம்: 7 அடியில் போடுவதை 9 அடியில் போடுவது. இரண்டு, சுவரை ஒட்டிய மேல் விளிம்பில் நான்கு விரல் இடைவெளி விட்டு, மழை இறங்காதபடி அதற்கு மேல் சிறிய தகரத் தொப்பி வைப்பது. மேலே ஏறும் சூடான காற்று கடைக்குள் திரும்பாமல் அந்த வழியே போய்விடும். மூன்று, மேற்புறம் வெள்ளை அடிப்பது, அல்லது தகரத்துக்கு ஒரு அடி மேலே நிழல் வலை கட்டுவது. வெயில் வலையோடு நின்றுவிட்டால் தகரம் காயாது.

பழைய விளம்பர ஃப்ளெக்ஸைச் சார்ப்பாகக் கட்டுவது பல தெருக்களில் வழக்கமாகிவிட்டது. அது காற்றை விடாது, வெயிலில் விரைவில் நொறுங்கும். காற்றில் பறந்து சாலையில் போகிறவர் மீது விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு இளம்பெண் உயிரிழந்ததே சாட்சி.

இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கும் நிழல் வலை நல்ல பொருள். நாற்றங்காலுக்கு வந்த பொருள் இன்று வீட்டு மாடிக்கும் நீச்சல் குளத்துக்கும் வந்துவிட்டது. வாங்கும்போது இரண்டைக் கேட்க வேண்டும். எத்தனை சதவீத வலை என்பது ஒன்று. 50 என்றால் பாதி வெயில் கீழே வரும்; ஆட்கள் நிற்கும் இடத்துக்கு 75 அல்லது 90 வேண்டும். வெயில் தாங்கும் மருந்து கலந்த நூலா என்பது இரண்டாவது. கலக்காத மலிவு வலை சீக்கிரமே தூளாக உதிரும். நிறமும் முக்கியம். பச்சை வலைக்கும் நீலத் தார்ப்பாய்க்கும் கீழே துவரம் பருப்பும் மிளகாயும் தம் நிறத்தில் தெரியாது. நல்ல சரக்கையே பழைய சரக்கென்று வாடிக்கையாளர் ஒதுக்கிவிடுவார். பொருள் காட்டும் இடத்தில் வெள்ளையோ சாம்பல் நிறமோ நல்லது. வலையும் பிளாஸ்டிக்தான், தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். பஜ்ஜி அடுப்புக்கு மேலேயும் கற்பூரம் காட்டும் இடத்துக்கு மேலேயும் அது ஆகாது. தீபாவளி வாரத்தில் அதைக் கழற்றி வைப்பதே புத்திசாலித்தனம்.

காற்றும் மழையும்

நிழலைப் போடுவது எளிது, காற்றுக்கு நிறுத்துவதுதான் கஷ்டம். வைகை அணையில் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்க 2017 ஏப்ரலில் தெர்மோகோல் அட்டைகளை மிதக்கவிட்டதும், அவற்றைக் காற்று கரையில் ஒதுக்கிவிட்டதும் நாடறிந்த கதை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தார் 2015-இல் ஒரு நீர்த்தேக்கத்தில் 9.6 கோடி கருப்புப் பந்துகளை மிதக்கவிட்டார்கள். காற்றில் பறக்காதபடி ஒவ்வொரு பந்துக்குள்ளும் கொஞ்சம் தண்ணீரை நிரப்பியிருந்தார்கள். இரண்டு இடத்திலும் நினைத்தது ஒன்றேதான். காற்றை யோசித்தவர்களின் நிழல் நின்றது.

2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா புயலில் சென்னையில் எத்தனை தகரங்கள் பறந்தன என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். வலையையோ கித்தானையோ நான்கு பக்கமும் சட்டத்தில் பூட்டி இழுத்துக் கட்ட வேண்டும். நான்கு மூலையில் மட்டும் கயிறு கட்டினால் ஒரே மாதத்தில் கண் கிழியும். புயல் எச்சரிக்கை வந்தால் பத்து நிமிடத்தில் கழற்றும்படி இருக்க வேண்டும்.

தார்ப்பாய்க்குச் சரிவு அவசியம். 10-க்கு 10 அடித் தார்ப்பாயில் ஒரு அங்குலம் தண்ணீர் தேங்கினால் அதன் எடை ஏறக்குறைய 235 கிலோ. அதாவது 50 கிலோ அரிசி மூட்டை ஐந்தைத் தலைக்கு மேல் கயிற்றில் தொங்கவிட்டதற்குச் சமம்.

இரும்புக் கம்பத்தில் மின்கம்பி உரசாமல் பார்க்க வேண்டும். சார்ப்பில் விளக்கு மாட்டினால் கம்பியைக் குழாய்க்குள் கொண்டுபோய், முறையான எர்த்தும் கொடுக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் வாடிக்கையாளர் செருப்பைக் கழற்றுவார்.

தெரு நமக்கு மட்டும் சொந்தமில்லை

நம் எல்லைக்குள் போடும் நிழல் நம் விருப்பம். தெருவுக்கு மேல் நீட்டுவதற்கு மாநகராட்சியின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் நடைபாதையில் கம்பம் நட்டுவிட்டு, ஆக்கிரமிப்பு அகற்ற வரும் நாளில் சரக்கோடு சார்ப்பையும் இழப்பவர்களைப் பார்க்கிறோம். கம்பத்தின் செலவு போவதோடு அன்றைய வியாபாரமும் போகிறது, தெருவில் மானமும் போகிறது. கீழே கம்பம் ஊன்றாமல் சுவரிலிருந்து நீண்டு மடங்கும் கித்தான் சார்ப்பு இதற்கு நல்ல வழி. தேர் வரும் மாட வீதிகளில் மடங்காத சார்ப்பு எப்படியும் பொருந்தாது. பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்ட பிறகு, நடந்து வருகிறவர்தான் அங்கே வாடிக்கையாளர். அவர் நடக்கும் பாதையை மறித்துக் கிடைக்கும் நிழல் நமக்கு இலாபம் தராது.

தனித்தனியாக ஆளுக்கொரு உயரத்தில் கட்டுவதை விட, ஒரு வரிசையில் உள்ள பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில், ஒரே தச்சரை வைத்துச் செய்தால் செலவும் குறையும், அனுமதி கேட்கும்போது குரலும் வலுக்கும். வாசலில் மரம் உள்ளவர்கள் பெயர்ப்பலகை மறைகிறது என்று கிளையை வெட்டாமல், பலகையைக் கீழே இறக்கி வைக்கலாம். மரத்தடி நிழலுக்கு வாடகையும் இல்லை, மின்கட்டணமும் இல்லை.

இவ்வருடம் சித்திரை பிறப்பதற்குள் ஒவ்வொரு தெருவிலும் வணிகர்கள் ஒரு மாலை கூடி, தங்கள் வரிசை எந்தத் திசை பார்த்தது, எத்தனை மணிக்கு வெயில் உள்ளே வருகிறது, எவ்வளவு தூரம் வருகிறது என்று சாக்கட்டியால் தரையில் கோடு போட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு என்ன நிழல் வேண்டும் என்பதைத் தச்சரிடம் நாமே சொல்லிவிடலாம்.