டிக்கிக்குள் தேங்கும் மழை

வாடைக்காற்றோடு இரண்டு நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்திருக்கும். யாழ்ப்பாணத் தீவுகளான வேலணையிலோ புங்குடுதீவிலோ பழைய கார் வைத்திருப்பவர் வண்டியை வெளியே எடுத்து, முதல் சந்தியில் பிரேக் போட்டதும் பின்னால் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்கும். டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினால் ஸ்பெயார் வீல் பாதி நனைந்து கிடக்கும். துணியால் ஒற்றிப் பிழிந்துவிட்டு அடுத்த மழை வரை மறந்துவிடுவதுதான் பலரின் வழக்கம். எஞ்சின் போனால் வேறு எஞ்சின் தேடலாம். அடித்தகடு கறள் தின்று போனால் கார் அதோடு சரி.

யாழ்ப்பாணத்தார் பழைய கார்களைச் சும்மா காப்பாற்றிவிடவில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு பெற்றோல் வரத்து நின்றபோது, ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிஜ், மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்வார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஏற்றி வந்ததும் இந்த வண்டிகள்தான். பிறகு, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய இலங்கை, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்களின் மதிப்பும் ஏறிவிட்டது. இப்படிப் பிழைத்து வந்த கார், பின் லைற்றின் பின்னால் இருக்கும் ஒரு சிறு இடுக்கால் அழிவது பொறுக்க முடியாத இழப்பு.

தீவுப் பகுதியில் ஆபத்து இரட்டிப்பு. பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணைக்குப் போனாலும், அங்கிருந்து புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனாலும், பல இடங்களில் வீதியின் இரண்டு பக்கமும் கடல் கூடவே வரும். சோளகம் வீசும் மாதங்களில் உப்புத் துளிகள் காற்றோடு வந்து வண்டியில் படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்புக் கலந்த நீர் இரும்பை மழைநீரை விட வேகமாகக் கறளாக்கும். மழை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை உள்ளே வருகிறது, உப்பு மற்ற மாதங்களில் அந்த வேலையைத் தொடர்கிறது.

மொறிஸ் மைனரில் கறள் இன்னும் பாரதூரமானது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் லண்டனில் அறிமுகமான அந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது; மடித்து வெல்ட் செய்த தகடுகளே உடலும் எலும்பும். பின் வில்லுகள் பூட்டப்படும் இடங்கள் கறள் பிடிப்பதற்குப் பேர்போனவை. அங்கே தகடு இளகினால் பின் சில்லு ஒழுங்காக நிற்காது.

தண்ணீர் தேங்கும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. இதை மறப்பதால்தான் காசு வீணாகிறது. நிசான் சனி, ரொயோட்டா கொறோலா போன்ற எண்பதுகளின் கார்களில் பின் லைற்றுக்கும் உடலுக்கும் இடையில் உள்ள மெத்தென்ற பட்டி காலப்போக்கில் தட்டையாகிவிடும். அங்கே நுழைகிற நீர் பக்கத் தகட்டின் உள்பக்கமாக வழிந்து, ஸ்பெயார் வீல் குழிக்குள் போய்ச் சேரும். சொந்தக்காரர் டிக்கி மூடியின் றப்பரைச் சந்தேகித்துப் புதிதாக வாங்கிப் போடுவார். அடுத்த மழைக்கும் குழி நிறையும்.

ஆகவே தேடலுக்கு ஒரு ஒழுங்கு வேண்டும். விரிப்பு, ஸ்பெயார் வீல், பக்க அட்டைகள், பின் இருக்கை எல்லாவற்றையும் கழற்றி ஒரு நாள் வெயிலில் காயவிட வேண்டும். காய்ந்த தகடுகளின் பொருத்துகளில் சோக்குத் தூளையோ குழந்தைகளுக்குப் போடும் பவுடரையோ மெல்லத் தூவ வேண்டும். ஒருவர் பின் இருக்கை இருந்த இடத்திலிருந்து ரோச் அடித்துப் பார்க்க, மற்றவர் வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றுவார். கீழிருந்து மேலே போவது முக்கியம்: முதலில் பம்பர் மட்டம், பிறகு பின் லைற்றுகள், நம்பர் பிளேற் லைற், டிக்கி மூடியின் விளிம்பு, பின் கண்ணாடி, கடைசியாகக் கூரையோரத்து நீரோடை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடமாவது நிற்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒன்றாக நனைந்துவிடும், வழி எது என்று தெரியாது. தூளில் தண்ணீர் கோடு கிழித்துக்கொண்டு வரும். அந்தக் கோட்டின் மேல் நுனிதான் திருடன் வந்த வாசல்.

இதற்குக் கிணற்றுத் தண்ணீரை எடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். தீவுகளில் பல கிணறுகள் உவர். அந்த நீர் பொருத்துக்குள் போனால் சோதனையே கறளுக்கு விதையாகும். பவுசர் தண்ணீரைப் பிடித்துக் குடிக்கும் ஊரில் காருக்கு நல்ல தண்ணீர் செலவழிக்க மனம் வராதுதான். பூவாளியால் பக்குவமாக ஊற்றினால் சேர்த்துவைத்த மழைநீர் சில வாளியே போதும். அமுக்கத்தோடு பீய்ச்சுவதிலும் பயனில்லை. மழை புகாத இடங்களிலும் அது புகுந்து குழப்பும்.

எல்லாப் பக்கத்தையும் நனைத்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால், சந்தேகம் அடித்தகட்டில் இருக்கிறது. அடித்தகட்டுத் துளைகளை அடைக்கும் றப்பர்கள் இறுகி விழுந்திருக்கலாம். பின் சில்லு வாரியடிக்கும் நீர் அந்த வழியாக ஏறும். டிக்கியில் தேங்கிய நீரின் சில துளிகளைக் கறுப்புப் பொலித்தீனில் விட்டுக் காயவைத்தால் ஓரளவு விளங்கும். தடிப்பாக வெள்ளை படிந்தால், கடலோர வீதியின் தண்ணீர் கீழிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

டிக்கி மூடியின் றப்பரைச் சோதிக்க ஒரு துண்டுக் கடதாசி போதும். மூடியில் அதைச் சிக்கவைத்து இழுத்தால் இறுக்கம் தெரியவேண்டும். ஓரிடத்தில் மட்டும் வழுக்கி வந்தால் றப்பரைக் குறை சொல்வதற்கு முன் பிணைச்சலைப் பார்க்கலாம். எப்போதோ பின்னால் இடிபட்டு ரிங்கரிங் செய்த கார்களில் மூடி சற்றுக் கோணலாக இருக்கும். பிணைச்சல் ஆணியை இளக்கி நகர்த்தினாலே சரியாகலாம்.

பின் கண்ணாடியின் றப்பர் வெயிலில் இறுகிப் பொருக்கு விட்டிருந்தால் மாற்றுவதே வழி. பழைய கராஜ்காரர் அதைச் செய்வது பார்க்கத் தகுந்தது. புது றப்பரைக் கண்ணாடியைச் சுற்றிப் போட்டு, உடல் தகட்டைக் கவ்வும் பள்ளத்துக்குள் உறுதியான நைலோன் கயிற்றைச் சுற்றிலும் பதிப்பார். கயிற்றின் இரு நுனிகளும் காருக்குள்ளே தொங்கும். சவர்க்கார நீர் பூசி ஒருவர் வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்த, மற்றவர் உள்ளிருந்து கயிற்றை மெல்ல இழுப்பார். கயிறு வெளிவர வெளிவர றப்பரின் உதடு தகட்டின் விளிம்பைத் தாண்டி உள்ளே மடிந்து உட்காரும். கை அவசரப்பட்டால் கண்ணாடி உடையும்.

ஓட்டையைக் கண்டதும் வெளியிலிருந்து சிலிக்கன் அப்பிவிடுவதுதான் எல்லோரும் செய்வது. செய்யக் கூடாததும் அதுதான். வினாகிரி மணம் வருகிற சாதாரண சிலிக்கன் காயும்போது அமிலம் விடும். அது இரும்பை அரிக்கும். அதன்மேல் பெயின்றும் ஒட்டாது. வெளியே அடைத்துவிட்டால் உள்ளே சிக்கிய ஈரம் போக வழியும் இல்லை. பழைய சீலரைச் சுரண்டி, கறளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, கறள் மாற்றி பூசி, பிரைமர் அடித்து, காய்ந்த பிறகே கார் உடலுக்கென்று விற்கும் பொலியூரித்தேன் சீலரைப் பொருத்தில் இட வேண்டும். லைற்றுகளுக்கும் அலங்காரப் பட்டிகளின் ஆணித் துளைகளுக்கும் இறுகாத பியூட்டைல் நாடா நல்லது. பிறகு கழற்றவும் முடியும். தகடு குத்தினால் நொறுங்குகிற நிலையில் இருந்தால் பட்டி பூசி மறைக்காமல், வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்ட் செய்ய வேண்டும். பெற்றோல் தாங்கி டிக்கிக்கு அடியிலேயே இருக்கும் கார்களில் அதைக் கழற்றி அப்புறப்படுத்தாமல் வெல்டிங் நெருப்பைப் பற்றவைக்கக் கூடாது.

இந்த வேலைக்கு உகந்த காலம் ஆவணி. வெயிலில் தகடு நன்றாகக் காயும், சீலர் இறுக நாள் கிடைக்கும், மழைக்கு முன் கராஜில் நெரிசலும் குறைவு. இருக்கையையும் விரிப்பையும் திரும்பப் போடுவதற்கு முன், அதே பூவாளியால் அதே வரிசையில் இன்னொரு தடவை நனைத்துப் பார்த்துவிட வேண்டும்.